ஒன்பது இருபதுக்கு முந்தைய குரல்

எண்ணெய் வழியும் முகத்தோடுதான் அவர் அதைச் சொன்னார். குற்றாலத்தில் ஆடிச் சாரல். பேரருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஈரக் கல்லில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்ப்பவரின் உள்ளங்கைகள் அவர் முதுகில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த ஆளாக நான் துண்டோடு நின்றேன்.

"எழுதி அனுப்பிட்டேம்லே. நான்தான் லேட்டுன்னு."

"எதை அண்ணாச்சி?"

"கோட்டி மாதிரி கேக்கான் பாரு. விசாரணைக்குத்தான். போன வாரமே தபால்ல போட்டாச்சு."

எண்ணெய் தேய்ப்பவர் அவருடைய தலையைப் பிடித்து இடப்பக்கம் ஒரு சொடுக்கு, வலப்பக்கம் ஒரு சொடுக்கு. கழுத்தில் நெட்டி முறியும் ஓசை. அவர் கண்களை மூடிக்கொண்டார். நான் அருவியைப் பார்த்தேன். அருவி எதையும் காதில் வாங்குகிற ஜாதி இல்லை.

அவர் வடகரைக்காரர். வயலும் தென்னையுமான குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. நான் தென்காசி. அறுபதுகளின் நடுவில் வடக்கே ஒரு விமானத் தளத்தில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் விமானங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். என்னைவிட நாலு வயது மூத்தவர். சட்டைக் கையில் இரண்டு பதவிப் பட்டை வாங்கியிருந்தார். நான் பட்டை இல்லாதவன். மூவாயிரம் ஆட்களுக்கு நடுவில் "ஏலே" என்று ஒரு குரல் கேட்டால் அது எங்களில் ஒருவர் இன்னொருவரைத் தேடுவதாகத்தான் இருக்கும்.

என் வேலை கண்ணாடியில் எழுதுவது. அதுவும் தலைகீழாக அல்ல, இடவலம் மாற்றி.

தளத்தின் ஒரு மூலையில், பாதி மண்ணுக்குள் புதைந்த ஓர் அறை. சுவரில் சன்னல் கிடையாது. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய கண்ணாடிப் பலகை. பலகைக்கு முன்னால் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் நான் நிற்பேன், காதில் ஹெட்போன், கையில் மெழுகுப் பென்சில். எந்த விமானம் எங்கே நிற்கிறது, எது பறக்கத் தயார், எதற்குப் பழுது, எது எரிபொருள் நிரப்புகிறது, எது வானத்தில் என்று ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் தொலைபேசியில் சொல்வார்கள். நான் கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும், முன்னால் இருப்பவர்கள் நேராகப் படிக்கும்படி. எனக்கு அந்த எழுத்துக்கள் எல்லாம் திரும்பி நிற்கும் முதுகுகள். ஒரு வருடத்தில் பழகிவிட்டது. பழகிய பிறகு நேராக எழுதுவதுதான் செயற்கையாக இருந்தது. அக்காவுக்குக் கடிதம் எழுதும்போது கை ஒரு கணம் தயங்கும், எந்தப் பக்கம் போவது என்று.

அந்த அறையில் ஒரு கடிகாரம். அதைப் போன்ற ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதன் முகத்தில் ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளுக்கு வண்ணம் தீட்டியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், மறுபடி சிவப்பு. பெரிய முள் எந்த வண்ணத்தில் இருக்கிறதோ அந்த வண்ணப் பென்சிலால்தான் எழுத வேண்டும். மணியை எழுத நேரமில்லை, வண்ணமே மணி. முன்னால் இருப்பவர் ஒரு பார்வையில் செய்தியின் வயதைச் சொல்லிவிடுவார். இது இப்போது வந்தது. இது கொஞ்சம் ஆறியது. இது பழையது, கேட்டுப் புதுப்பிக்காமல் நம்பாதே. மனிதர்களுடைய பேச்சுக்கும் இப்படி ஒரு வண்ணம் இருந்தால் என்று அந்த நாட்களில் ஓயாமல் நினைப்பேன். அவர் அன்பு சிவப்பு. இவர் வாக்குறுதி போன மாதத்து நீலம்.

இப்போது இதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது என்று கேள்விப்படுகிறேன். கண்ணாடி இல்லை, மெழுகு இல்லை, பின்னால் நிற்கும் ஆள் இல்லை. திரையில் வண்ணம் தானாக மாறுமாம். மாறட்டும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை: அந்த நிரலை எழுதியவனுக்கும் ஒரு கை இருக்கும் அல்லவா? அதற்கும் சில பழக்கங்கள் இருக்கும் அல்லவா?

விடுப்புக்கு முந்தைய வாரத்தில் ஒரு காலை. ஏழாம் எண் விமானத்தின் பிரேக்கில் எண்ணெய் கசிவதை அண்ணாச்சி கண்டுபிடித்தார். கொட்டகைத் தொலைபேசிக்கு ஓடி அறைக்குச் சொன்னார். கேட்டு எழுதியவன் நான். ஆனால் யாரும் தடுப்பதற்குள் அந்த விமானம் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. ஓடுபாதைக்குப் போகும் வளைவில் நிற்காமல் வாய்க்காலில் இறங்கியது. ஓட்டியவருக்குக் காறை எலும்பு முறிந்தது, ஓர் இறக்கை மடங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

விமானம் நகர்ந்தது ஒன்பது இருபத்தொன்றுக்கு. அது எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி சொன்னது எப்போது என்பதுதான் விசாரணை. பலகையில் அந்த வரி மஞ்சளில் இருந்தது. மஞ்சள் என்றால் ஒன்பது இருபதுக்கு மேல். பலகையைப் பார்த்துத்தான் பக்கத்தில் இருப்பவர் பதிவேட்டில் எழுதுவார். ஆகவே பதிவேடும் அதையே சொன்னது. பழுதைப் பார்த்தவர் விமானம் கிளம்பும் நேரத்துக்குத்தான் வாயைத் திறந்திருக்கிறார் என்று ஆயிற்று. அதே வரி சிவப்பில் இருந்திருந்தால் ஒன்பது இருபதுக்கு முன். அப்போது அவர் நேரத்தோடு சொல்லிவிட்டார், அறைதான் விமானத்தை நிறுத்தவில்லை. சிவப்பானால் தவறு எங்கள் மேல். மஞ்சளானால் அவர் மேல்.

அவரிடம் வேறு சாட்சி இல்லை. எந்திரத்துக்குள் கைவிடுகிறவர்கள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்கள். மணி என்ன என்று அவருக்கே தெரியாது.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார்கள். இது உன் எழுத்தா? ஆமாம். என்ன வண்ணம்? மஞ்சள். கடிகாரத்தைப் பார்த்து எழுதினாயா? விதி அதுதான், என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. இருவரும் விடுப்பு முடிவதற்குள் எழுத்தில் வாக்குமூலம் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஊருக்கு வந்தோம்.

அவருடைய இரண்டு பட்டையும் இந்த வரியில் தொங்கியது. பட்டை போனால் குடும்பத்தோடு தங்கும் குவார்ட்டர்ஸ் பட்டியலிலிருந்து பெயர் போகும். கல்யாணமாகி இரண்டு வருடம். மதினி வடகரையில், அவர் தளத்துக் கூடத்தில் நாற்பது கட்டில்களில் ஒரு கட்டிலில். பட்டியலில் அவருக்கு முன்னால் இரண்டு பேர்தான் மிச்சம்.

"நீங்க லேட்டாவா சொன்னீங்க?" என்றேன், குற்றாலத்துக் கல்லில் அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தபடி.

"பார்த்த ஒடனே ஓடுனேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆனா மஞ்சள்ல இருக்கே. துணியில கைய தொடச்சேன், ஸ்பானர எடுத்து வச்சேன். செத்த நேரம் ஆயிருக்கும்லா? நாமதான் ஒடனேன்னு நெனப்போம். பலகை பொய் சொல்லுமாலே?"

சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டார். சுற்றிலும் நூறு தலை, நூறு முதுகு. எது அவருடையது என்று தெரியவில்லை.

தென்காசியில் அக்கா வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயில் நிலையம் வரை நடப்பேன், திரும்புவேன். கோயிலின் மொட்டைக் கோபுர வாசலில் நின்று உள்ளிருந்து வரும் காற்றை வாங்குவேன், திரும்புவேன். சிற்றாற்றில் தண்ணீர் சிவந்து போய்க்கொண்டிருந்தது. என் கை எனக்குத் தெரியும். அதன் மேல் ஒரு சந்தேகம் முதல் நாளிலிருந்தே இருந்தது. சந்தேகத்தை வாக்குமூலமாக எழுத முடியாது.

மூன்றாம் நாள் அக்கா தோசைக்கு அரைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் வானொலியில் செய்தி தொடங்கியது.

"பாரு, அவன் ஆரம்பிச்சுட்டான். நான் சொல்ல வந்தது பாதியில நிக்குது" என்றாள்.

எனக்குள் ஏதோ ஒன்று டக்கென்று நின்றது.

தளத்து அறையிலும் இப்படி ஒரு குரல் உண்டு. தினமும் ஒன்பது இருபதுக்கு, வானிலை பார்ப்பவர் ஒருவர் ஒலிபெருக்கியில் மேல்காற்றின் வேகத்தை வாசிப்பார். மழையோ காய்ச்சலோ, ஒரு நிமிடம் முன்பின் ஆகாது. எங்கள் ஆட்கள் அவர் குரலுக்குக் கைக்கடிகாரம் திருத்துவார்கள். அன்று நான் 'பிரேக்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை வலமிருந்து இடமாக இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் தொடங்கியது. இரைச்சலில் அடுத்த கொட்டகையின் செய்தி காதில் விழவில்லை என்று எரிச்சல் பட்டது நினைவுக்கு வந்தது. அப்படியானால் அண்ணாச்சியின் குரல் ஒன்பது இருபதுக்கு முன்னால். நான் எழுதத் தொடங்கியதும் ஒன்பது இருபதுக்கு முன்னால். பென்சில் மட்டும் மஞ்சள்.

ஏன் மஞ்சள்? அதுவும் தெரிந்ததுதான். இடவலம் மாற்றி எழுத அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். முள் ஒரு வண்ணத்தின் விளிம்பில் இருக்கும்போது, எழுதி முடிப்பதற்குள் அடுத்த வண்ணம் வந்துவிடும் என்று கை முன்கூட்டியே அடுத்த பென்சிலை எடுத்துவிடும். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகக் கற்றுக்கொண்டது. ஆயிரம் தடவை அதனால் எந்தக் கேடும் இல்லை, ஏனென்றால் ஒரு நிமிடம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை வடகரைக்குப் போனேன். செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, மிச்சத் தூரம் நடந்து. சாரல் வயலின் மேல் சல்லாத்துணி போல் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் வீட்டு நடுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து தென்னை ஓலைக் கீற்று முடைந்துகொண்டிருந்தார். மதினி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாங்க கொழுந்தனாரே. மழையோட வாறீய. குடைய எந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வந்தீய?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வானிலைக்காரரின் குரல், என் கை, மஞ்சள். அவர் கீற்றை முடைவதை நிறுத்தவே இல்லை.

"ஏலே, நீ என்னையக் காப்பாத்தப் பாக்க."

"இல்ல அண்ணாச்சி. நடந்தது இதுதான்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா? விசாரணையில வச்சு மஞ்சள்னுதான சொன்ன?"

"கேட்டது வண்ணத்தை."

"சரிதான். இன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துட்டு ஒனக்கு ஞாபகம் வருது. ஒரே ஊர்க்காரப் பாசம். எனக்கு வேண்டாம்லே. செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டவன்னு ஒரு பேராவது மிஞ்சும். நீ அதையும் புடுங்காத."

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பலகையை அவர் அத்தனை நம்பினார். தன் கால் ஓடியதை, தன் வாய் பேசியதை நம்பவில்லை. ஒரு கண்ணாடியில் நான் இழுத்த மெழுகுக் கோட்டை நம்பினார். தளம் முழுக்க அப்படித்தான் ஓடியது. அப்படி நம்பாவிட்டால் ஒரு விமானமும் எழும்பாது.

மதினி கதவை விட்டு வெளியே வந்தாள்.

"எனக்கு ஒண்ணு வெளங்கணும். செவப்புன்னா எங்களுக்கு அங்கன வீடு. மஞ்சன்னா கெடையாது. அப்படித்தான?"

"அப்படித்தான் மதினி."

"கொழுந்தன் தன் கைதான் மஞ்சள எடுத்துட்டுன்னு சொல்லுதாவ. நீங்க இல்லங்குதீய. அத்தான், இதுல என்ன பேச்சு? எடுத்துக் காட்டச் சொல்லுங்க."

"என்னத்தட்டி காட்ட?"

"கைய."

அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. கூடத்தில் சுவர் அலமாரி ஒன்று, கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் உள்ளே, கதவில் கண்ணாடி. கதவைச் செங்கோணத்தில் திறந்து வைத்தாள். மூன்று கிண்ணம் கொண்டுவந்தாள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ஒன்று. மஞ்சள்தூள் ஒன்று. வெள்ளை வேட்டிக்குப் போடும் சலவை நீலம் ஒன்று. தீக்குச்சி முனைகளில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொன்றிலும் போட்டாள். சுவர்க்கடிகாரத்தின் விளிம்பைச் சுற்றி, எந்த ஐந்து நிமிடம் எந்த வண்ணம் என்று நான் சொல்லச் சொல்ல அந்தக் கிண்ணங்களிலிருந்தே பொட்டு வைத்தாள். முழுத் தளமும் ஓர் அலமாரிக் கதவில் வந்து நின்றது.

"நான் அடுக்களையில இருந்து கத்துவேன், எனக்கு எப்பத் தோணுதோ அப்ப. கொழுந்தன் எழுதட்டும். நீங்க நான் கத்துன நேரத்த பேப்பர்ல குறிச்சுக்கிடுங்க. பெறவு ரெண்டையும் வச்சுப் பாப்போம்."

"இவ ஒரு விசாரணை அதிகாரி" என்றார் அவர். ஆனாலும் கீற்றைக் கீழே வைத்துவிட்டுக் காகிதம் எடுத்தார்.

வெளியே மழை கனத்தது. ஒரு மணி நேரம் அந்த விளையாட்டு நடந்தது. அடுக்களையிலிருந்து அருவாமனைச் சத்தம், நடுநடுவே அவள் குரல்.

"ஏழாம் நம்பரு, பிரேக் இல்ல!"

எழுதினேன், கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இடவலம் மாற்றி, தீக்குச்சியால்.

"மூணாம் நம்பரு, ஒரு சக்கரத்தக் காணல!"

"பதினொண்ணு, ஓட்டுதவன் தூங்குதான்! எழுப்புங்க மூதிய!"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு குறித்தார். கொஞ்ச நேரத்தில் நான் தென்காசிக்காரன் என்பதை மறந்துவிட்டேன், அது வடகரை என்பதையும். காது ஒரு பக்கம், கண் கடிகாரத்தில், கை தன் வேலையில். அந்த அறையில் வந்து சேரும் அதே காலித்தனம். அங்கே நான் யாரும் இல்லை. குரல்கள் உள்ளே வந்து எழுத்தாய் வெளியே போகும் ஒரு வழி.

முடிந்ததும் காகிதத்தையும் கண்ணாடியையும் வைத்துப் பார்த்தோம். வண்ணத்தின் விளிம்பில் நாலு அழைப்புகள் விழுந்திருந்தன. நாலையும் நான் அடுத்த வண்ணத்தில் எழுதியிருந்தேன்.

"வேணும்னே செஞ்சிருக்கான்" என்றார்.

"இல்லத்தான். கடைசியில கூப்பிட்டேம்லா, அப்ப கதவு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுதான் கூப்பிட்டேன். நான் வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே இவுக கை நீலத்துக்கிட்ட போயிட்டு. நான் கூப்பிடுவேன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கை கடியாரத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

"நீயும் அவன் கச்சியா?"

"நான் வீட்டுக் கச்சி" என்றாள். "சரி, இவுகள நம்ப வேண்டாம். நீங்க எந்திரிங்க. நீங்க நில்லுங்க."

அவருக்கு மாற்றி எழுத வராது. ஒரு கோடு இழுத்தால் போதும், வண்ணம் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்று பேச்சு. முதல் கால் மணி நேரம் அவர் மிகவும் கவனமாக இருந்தார். குரல் வரும், கடிகாரத்தைப் பார்ப்பார், யோசிப்பார், குச்சியை எடுப்பார். ஒரு தடவை கூடத் தவறவில்லை. வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தினாள். அடுத்தடுத்துக் கூப்பிட்டாள். அவருக்குக் கால் வலித்தது, சலித்தது, மழைச் சத்தம் தூக்கத்தைக் கொண்டுவந்தது. கை மெல்ல மெல்லத் தன் போக்கில் போகத் தொடங்கியது.

"ஒம்பதாம் நம்பரு, எண்ணெய் ஒழுகுது!"

கோடு இழுத்தார். கண்ணாடியில் மஞ்சள் கோடு. கடிகாரத்தில் முள் இன்னும் சிவப்புப் பொட்டைத் தாண்டவில்லை. அரை நிமிடம் இருந்தது.

அவர் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். பிறகு முள்ளை. முள் நிதானமாக நகர்ந்து மஞ்சளுக்குள் போயிற்று. மதினி அடுக்களை வாசலில் வந்து நின்றாள், கையில் பாதி நறுக்கிய பூசணிக்காயோடு.

அவருக்கு நிம்மதி வரும் என்று நான் நினைத்திருந்தேன். வரவில்லை.

"மூணு வாரம்லே" என்றார். "மூணு வாரமா என் வாய நானே நம்பல. தூங்கப் போகும்போது நெனப்பேன், அந்தத் துணியில கையத் தொடைக்காம ஓடிருந்தா என்னன்னு. ஒரு மனுசனுக்குக் காறை எலும்ப ஒடச்சவன் நான்னு. நீ அங்கன ஒரு குச்சிய மாத்தி எடுத்த. அவ்வளவுதான். இல்லியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அவ்வளவுதான்" என்றார் மறுபடியும். குச்சியைக் கிண்ணத்தில் போட்டார். "எழுது. நானும் ரெண்டாவதா ஒண்ணு எழுதுதேன். ஆனா என்னையக் காப்பாத்துததா ஒரு வார்த்த வரப்படாது. ஒன் கை எப்படி வேல பாக்குன்னு மட்டும் எழுது."

சாப்பிடச் சொல்லவில்லை. மதினி சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் மழையிலேயே நடந்தேன்.

வாக்குமூலத்தை அக்கா வீட்டு மச்சில் உட்கார்ந்து எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். முதல் மூன்றிலும் நான் நல்லவனாக இருந்தேன், நாலாவதில் வருத்தப்பட்டவனாக. ஐந்தாவதில் ஆள் இல்லை, கை மட்டும் இருந்தது. முள் விளிம்பில் இருந்தால் அடுத்த பென்சிலை எடுப்பது என் வழக்கம். அன்று வானிலை வாசிப்பு தொடங்கியபோது நான் எழுதி முடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே செய்தி வந்தது ஒன்பது இருபதுக்கு முன். விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. இவ்வளவுதான். தென்காசி தபால் ஆபீசில் பதிவுத் தபாலாகப் போட்டேன். முகவரியைப் படித்த குமாஸ்தா, "மிலிட்டரியா? வேலைக்கு மனுவா?" என்றார். "கிட்டத்தட்ட" என்றேன்.

திரும்பிப் போனதும் விசாரணை மறுபடி கூடியது. அதிகாரிகளும் எங்களைப் போலவே செய்து பார்த்தார்கள், குங்குமம் இல்லாமல். என்னைத் தவிர இன்னும் மூன்று எழுதுபவர்களைப் பலகைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அதில் இரண்டு கைகள் என் கை போலவே முன்னால் ஓடின. அதன்பின் அந்த அறைக்குப் புது விதி ஒன்று வந்தது: கேட்கும்போது கையில் பென்சில் இருக்கக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து, அதன்பிறகே எடுக்க வேண்டும். நல்ல விதி. அதை நான் பின்பற்ற வேண்டியிருக்கவில்லை. என் பெயரில் ஒரு கண்டனக் குறிப்பு எழுதி, கம்பளிகளும் கொசுவலைகளும் இருக்கும் பண்டக சாலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எல்லாவற்றையும் நேராக எழுதலாம்.

அவருடைய பட்டைகள் அவர் கையிலேயே இருந்தன. என்னைப் பார்த்தால் தலையசைப்பார். "ஏலே" இல்லை. நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை; அந்த மூன்று வாரத்தை அவருக்கு எந்த விதியும் திருப்பிக் கொடுக்காது. மறு வருடம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

அந்த வருடம் நான் விடுப்புக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பண்டக சாலை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எனக்கு லீவு இல்ல. நீ திரும்பி வரும்போது அவளக் கூட்டிக்கிட்டு வந்துரு. தனியா வரமாட்டா." அவ்வளவு சொல்லிவிட்டுப் போனார்.

தென்காசி நிலையத்தில் மதினியின் அப்பாவும் தம்பிகளும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்குப் புழுங்கலரிசி, ஒரு அம்மிக்குழவி சகிதம் வந்து ஏற்றிவிட்டார்கள். குழவி மட்டும். அம்மியை அங்கே வாங்கிக்கொள்வாளாம். வண்டி நகர்ந்தது. மலை கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு ஒதுங்கிக்கொண்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"கொழுந்தனாரே, அந்த வீட்டுக்கு வாசல் எந்தத் தெசையில?"

"தெரியாது மதினி. நான் அங்க போனதில்ல."

"போனதில்லையா? ஒரே எடத்துலதான இருக்கிய?"

"ஒரே எடம்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். அரிசிச் சாக்கைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

"போய் எறங்குன மறுநாளே உலை வைப்பேன். மத்தியானம் சாப்பிட வந்துரணும். அவுக என்ன சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி."

"வாறேன்" என்றேன்.